கண்ணாடியில் யூலா

லுகோவெட்ஸ் கிராமத்தில் யூலாவிடம் திட்டு வாங்காத ஒருவனைக் காட்டுங்கள் பார்ப்போம். அவன் நேற்றுத்தான் பஸ்ஸிலிருந்து இறங்கியவனாக இருப்பான். பாதிரியார் வாங்கியிருக்கிறார். கூட்டுறவுச் சங்கத் தலைவர் வாங்கியிருக்கிறார். தலைநகர் ஸாக்ரெப்பிலிருந்து காரில் வந்து, அவள் வரைந்த வாத்துகள் ஏன் நீலமாக இருக்கின்றன என்று கேட்ட ஒரு பெரிய மனிதரும் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டு போனார்.

"பனி விழுற அன்னைக்கு விடியக்காலைல எந்திரிச்சு வந்து பாருய்யா, நீலமா இருக்கா இல்லையானு. நல்லா விடிஞ்சப்புறம் காப்பியக் குடிச்சிட்டு வந்து கேள்வியா கேக்குற?"

அந்த மனிதர் போகும்போது அந்த நீல வாத்துகளையே வாங்கிக்கொண்டு போனார் என்பது வேறு விஷயம்.

ஊரிலேயே அதிகமாகத் திட்டு வாங்கியவன் பிளாஷ். அடுத்த வீட்டுக்காரன், அவளைவிடச் சில வயது இளையவன், அவனும் படம் வரைகிறவன். திட்டு வாங்குவதில் அவனுக்கு ஒரு பெருமைகூட உண்டு. த்ராவா ஆற்றங்கரையில் அந்தப் பக்கத்து ஊர்களில் சோளம் அறுத்து முடித்து, பன்றி அடித்து, பனி விழத் தொடங்கிவிட்டால் பாதிப் பேர் கண்ணாடியில் படம் வரைய உட்கார்ந்துவிடுவார்கள். மீதிப் பேர் பக்கத்தில் உட்கார்ந்து பிளம் பிராந்தி குடிப்பார்கள். அப்படி உட்கார்ந்தவர்களில் யூலாவுக்கு ஈடு யூலாதான் என்று பிளாஷ் எங்கே வேண்டுமானாலும் சொல்வான். அவள் காதில் விழாத இடமாகப் பார்த்துச் சொல்வான்.

அவள் தூரிகையைத் தொட்டதே நாற்பது வயதுக்கு மேல்தான். புருஷன் ஸ்தாங்கோ மரம் அறுக்கும் ஆலையில் விபத்தில் போய்ச் சேர்ந்தான். கையில் ஒரு பையன், கொட்டிலில் இரண்டு மாடு. ஒரு குளிர்காலத்தில் மாட்டுக் கொட்டிலின் ஜன்னல் கண்ணாடி உடைந்தது. உடைந்த துண்டை இடுக்கிக்கொண்டு பிளாஷ் வீட்டுக்கு வந்து நின்றாள்.

"டேய் பிளாஷ், மிச்சம் மீதி பெயிண்ட் இருந்தா குடு. இவ்வளவு நல்ல கண்ணாடியத் தூக்கி எறிய மனசு வரல."

கண்ணாடியில் வரைவது காகிதத்தில் வரைகிற மாதிரி இல்லை. எல்லாம் தலைகீழ். கண்ணாடியின் பின்பக்கம் வரைய வேண்டும், முன்பக்கமாகப் பார்க்க வேண்டும். அதனால் எது முன்னால் தெரிய வேண்டுமோ அதை முதலில் வைக்க வேண்டும். முதலில் பொத்தான், அப்புறம் சட்டை. முதலில் கண்ணில் மின்னுகிற புள்ளி, அப்புறம் கண், அப்புறம் முகம். கடைசியில் வானம். முதலில் வைத்ததில் பிசகினால் அதன்மேல் பூசிச் சரிசெய்ய முடியாது, சுரண்டத்தான் வேண்டும். பிளாஷின் மண்டையில் இது ஏற இரண்டு குளிர்காலம் பிடித்தது. யூலாவோ அன்றைக்குச் சாயங்காலமே ஒரு கல்யாண விருந்தை வரைந்துகொண்டு வந்துவிட்டாள். பிளாஷ் மலைத்துப்போய் நின்றான்.

"எப்படிக்கா இது ஒரே நாள்ல புடிபட்டுச்சு உனக்கு?"

"இதுல என்னடா இருக்கு? வர்றவன் கண்ணுல படுறத முன்னால வை. மிச்சத்தப் பின்னால தள்ளு. வீட்ட நான் அப்படித்தான வச்சிருக்கேன்!"

வரையும்போது அவள் சும்மா வரைய மாட்டாள். படத்தில் இருக்கிற கோழியோடு சண்டை போடுவாள். "நில்லுடி, ஓடாத" என்று பன்றியை அதட்டுவாள். அவள் வரைந்த கூட்டத்தில் ஒருவர்கூடச் சும்மா நிற்க மாட்டார்கள். ஒருத்தி அடுத்தவள் தட்டைப் பார்ப்பாள், ஒருவன் செருப்புக்குள் போன கல்லை உதறுவான். பிளாஷ் வரைந்தால் மாடு அழகாக இருக்கும், மரம் அழகாக இருக்கும். யூலா வரைந்தால் பார்க்கிறவனுக்குச் சிரிப்பு வரும், அடுத்த நிமிடம் அழுகை வரும். அந்த வித்தை தனக்கு வராது என்று பிளாஷுக்குத் தெரியும். அதில் அவனுக்குப் பொறாமை இல்லை என்று சொன்னால் பொய். ஆனால் பொறாமையைவிடப் பிரியம் அதிகம். அவன் மனைவி மில்கா பிரசவத்துக்குப் பிறகு உடம்பு தேறாமல் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, திரும்பி வரும்வரை அவன் மாட்டையும் சேர்த்துக் கறந்தவள் யூலா. பால் பாத்திரத்தை வாசலில் வைக்கும்போதெல்லாம், "மாட்டக்கூடக் கறக்கத் தெரியாதவனுக்குப் பொண்டாட்டி ஒரு கேடு" என்று சொல்லிவிட்டுத்தான் போவாள். அப்படிப்பட்ட மனுஷியிடம் யாருக்குத்தான் பிரியம் வராது?

போன வருஷம் அறுவடையின்போது சோள வண்டி குடை சாய்ந்தது. யூலாவின் வலது கை அடியில் மாட்டிக்கொண்டது. உயிர் பிழைத்ததே பெரிது என்றார்கள் நகரத்து ஆஸ்பத்திரியில். கை இருந்தது, ஆனால் விரல்கள் மடங்கவில்லை. ஸ்பூன் பிடிக்க முடியாத கையால் தூரிகையை எங்கே பிடிப்பது?

ஊரே திரண்டு வந்தது. பாலாடைக்கட்டிப் பலகாரம், கோழி சூப், பூசணி விதை எண்ணெய் என்று ஆளுக்கொன்று கொண்டுவந்தார்கள். கூடவே எல்லோரும் "பாவம்" என்ற ஒரு சொல்லையும் கொண்டுவந்தார்கள். பாவம் யூலா. ஐயோ பாவம். என்ன கை அது, பாவம். யூலா கொஞ்ச நாள் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தாள். பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்த கூட்டத்தை வாசல் படலிலேயே நிறுத்திவிட்டாள்.

"பாவம்னு சொல்றவங்கல்லாம் வெளியவே நின்னு சொல்லிட்டுப் போங்க. பலகாரத்த மட்டும் உள்ள குடுங்க."

அப்புறம் யாரும் அவள் முகத்துக்கு நேராகச் சொல்லவில்லை. கண்ணால் சொன்னார்கள். அது இன்னும் மோசம்.

படம் பற்றி யாரும் கேட்கவில்லை. பிளாஷும் கேட்கவில்லை, அவனுக்குத் தைரியம் இல்லை. அடுத்த கோடையில் ஒரு நாள், இரவல் வாங்கிய சல்லடையைத் திருப்பித் தரப் போனவன் அவள் வீட்டுப் பின்கட்டுச் சமையலறைக் கதவைத் தள்ளினான். யூலா மேஜையில் குனிந்து உட்கார்ந்திருந்தாள். அவளுக்கு முன்னால் கண்ணாடி, இடது கையில் தூரிகை. அந்தக் கையும் கொஞ்சம் நடுங்கிக்கொண்டிருந்தது.

"உள்ள வா, இல்ல வெளிய போ. வாசல்ல நின்னு வாயப் பொளக்காத, ஈ வருது."

அவன் உள்ளே போய்ப் பார்த்தான். ஒரு சேவல், ஒரு வேலி, வேலிக்குப் பின்னால் யாரோ ஒருத்தியின் பாவாடை. கோடுகள் நேராக இல்லை. சேவலின் கால்கள் ஒரு தினுசாக இருந்தன. ஆனால் அந்தச் சேவல் வேலிக்கு அந்தப் பக்கம் நிற்பவளை முறைத்த முறைப்பு இருக்கிறதே, அதை யூலாவைத் தவிர இன்னொருத்தர் வரைந்துவிட முடியாது. பிளாஷுக்குக் கண் கலங்கிவிட்டது. அவள் பார்த்துவிட்டால் கொன்றுபோடுவாள் என்று மூக்கைச் சிந்துகிற சாக்கில் திரும்பிக்கொண்டான்.

"ஊர்ல யார்கிட்டயும் மூச்சு விடாத" என்றாள். தூரிகையைத் துடைத்துக்கொண்டே, "மார்ட்டின் திருநாளுக்கு இதக் கூடத்துல மாட்டப் போறேன்" என்றாள்.

மார்ட்டின் திருநாள் என்றால் நவம்பரில் புதுத் திராட்சை மது தயாராகிற நாள். அன்றைக்குத்தான் தீயணைப்புப் படைக் கூடத்தில் ஊர்க்காரர்களின் படங்களைச் சுவர் முழுக்க மாட்டுவார்கள்.

"மாட்டுக்கா. நாங்க என்ன வேண்டாம்னா சொல்றோம்?"

"மாட்டினா என்ன நடக்கும்னு எனக்குத் தெரியும். எவளாவது கன்னத்துல கைய வச்சு, 'இடது கையால வரஞ்சிருக்கா, பாவம்'னு ஆரம்பிப்பா. அதனால நீ என்னை வரையணும். இடது கையில தூரிகையோட, வலது கை மடியில கெடக்குற மாதிரி. உள்ளது உள்ளபடி. அத முதல்ல பாக்கட்டும். பாத்து முடிச்சு, உச்சுக் கொட்டி முடிச்சப்புறம் பக்கத்துல என் படத்தப் பாக்கட்டும். அப்பத்தான் கைய விட்டுட்டுச் சேவலப் பாப்பாங்க."

"சரிக்கா."

"இன்னொண்ணும் கேட்டுக்க. நீ அழகுபடுத்துறேன்னு ஏதாவது பண்ணி, அது பாவம் பாக்குற படமா வந்துச்சுன்னு வை, என் சேவல அங்கயே போட்டு ஒடச்சிருவேன். அதுக்கப்புறம் தூரிகையத் தொட மாட்டேன். மிரட்டுறேன்னு நெனைக்காத. எனக்கே பயமா இருக்குடா."

அவள் வாயிலிருந்து பயம் என்ற சொல்லை அவன் கேட்டது அதுதான் முதல் தடவை.

மனித முகம் வரைவது பிளாஷுக்குப் பழக்கமே இல்லை. அவன் மாட்டுக்காரன், மரக்காரன். இருந்தாலும் உட்கார்ந்தான். காகிதத்தில் முதலில் பென்சிலால் எடுத்தான். யூலா ஒரு இடத்தில் இருந்தால்தானே? அவன் பென்சிலைக் கூராக்குவதற்குள் அவள் எழுந்துபோய் அடுப்பைப் பார்ப்பாள்.

"அக்கா, கொஞ்சம் ஆடாம இரேன்."

"ஆடாம இருந்தா அது நான் இல்லடா. மூக்க மட்டும் கொஞ்சம் சின்னதாப் போடு."

"உள்ளது உள்ளபடின்னு சொன்னியே?"

"கைக்குத்தான் சொன்னேன். மூக்குக்கா சொன்னேன்?"

காகிதத்தைக் கண்ணாடிக்கு அடியில் வைத்து, செப்டம்பர் முழுக்க, அக்டோபர் முழுக்க வரைந்தான். கண்ணில் மின்னுகிற புள்ளி, உதட்டோரத்துச் சுருக்கம், விரல் நகங்கள், தலைத்துணியின் பூக்கள். அப்புறம் தோல், துணி, மேஜை. சோளம் அறுக்க ஆள் வைத்துவிட்டு வரைந்தான். மில்கா முணுமுணுத்தாள், அவன் காதில் விழவில்லை. அவன் வாழ்க்கையிலேயே இவ்வளவு உண்மையாக எதையும் வரைந்ததில்லை என்று அவனுக்கே தோன்றியது. கடைசியில் பின்னால் சாம்பல் நிற வானத்தைப் பூசி, உலரவிட்டு, திருநாளுக்கு முந்தைய நாள் காலையில் கண்ணாடியைத் தூக்கித் திருப்பினான்.

படத்தைப் பார்த்தான். யூலா வலது கையில் தூரிகை பிடித்திருந்தாள். இடது கை மடியில் கிடந்தது.

மாட்டை வரையும்போது இந்தத் தொல்லை கிடையாது. மாடு எந்தப் பக்கம் பார்த்தால் யாருக்கு என்ன? ஆளை வரையும்போது மட்டும், பென்சில் படத்தை ஜன்னலில் ஒட்டி, பின்பக்கத்திலிருந்து பார்த்துப் படியெடுத்து, அந்தத் திருப்பிய படத்தைத்தான் கண்ணாடிக்கு அடியில் வைக்க வேண்டும். இல்லாவிட்டால் இடம் வலமாகிவிடும். சின்னப் பிள்ளைக்கும் தெரிந்த விஷயம். முகம் சரியாக வருகிறதா என்கிற கவலையில் பிளாஷ் அதை அடியோடு மறந்துபோயிருந்தான்.

"ஐயையோ" என்று அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான். மில்கா ஓடிவந்தாள். படத்தைப் பார்த்தாள். அவள் முகம் மலர்ந்தது.

"எவ்வளவு நல்லா இருக்குங்க! பழைய யூலா அக்கா மாதிரியே. பாவம், அவளுக்கும் சந்தோஷமா இருக்கும்."

இதற்குப் பதில் மில்கா அவனை ஒரு அறை விட்டிருக்கலாம். சுரண்டிவிட்டுத் திரும்ப வரையலாமென்றால் கைக்குப் பின்னால் மேஜை இருக்கிறது, மேஜைக்குப் பின்னால் வானம் இருக்கிறது, ஒவ்வொன்றும் உலர ஒரு வாரம் வேண்டும். திருநாளோ நாளைக்கு. மூடி மறைக்கவும் அவனுக்கு மனம் வரவில்லை. படத்தைப் போர்வையில் சுற்றி எடுத்துக்கொண்டு யூலா வீட்டுக்குப் போனான்.

அவள் படத்தை அடுப்பின்மேல் சாய்த்துவைத்துப் பார்த்தாள். தன் வலது கையைப் பார்த்தாள், மறுபடியும் படத்தைப் பார்த்தாள். 

"மறந்துட்டேன்கா. திருப்பி வைக்க மறந்துட்டேன்."

"மறந்துட்டியா? தலை நரைக்கிற வரைக்கும் கண்ணாடியில வரஞ்சவன், திருப்பி வைக்க மறந்துட்ட?"

"சத்தியமாக்கா."

"சத்தியம் பண்ணாத. எனக்கு என் கைய மறுபடியும் ஒட்ட வச்சுக் குடுக்கணும்னு தோணுச்சு உனக்கு. நல்ல மனசு. ரொம்ப நல்ல மனசு. ஊர்ல எல்லாருக்கும் அந்த நல்ல மனசுதான் இருக்கு. நீ ஒருத்தனாவது கெட்டவனா இருப்பேன்னு நெனச்சேன்டா." அவள் குரல் உடைந்தது. "போ. படத்த வச்சுட்டுப் போ. நாளைக்கு நான் வரல."

திட்டியிருந்தால் தாங்கியிருப்பான். அவள் திட்டவே இல்லை. அதுதான் அவனை அடித்துப் போட்டது. வீட்டுக்கு வந்து சாப்பிடாமல் படுத்தான். தனக்கு உண்மையிலேயே மறந்துதான் போனதா, இல்லை உள்ளுக்குள் அந்தப் பழைய கையைப் பார்க்க ஆசைப்பட்டுத்தான் கை தவறியதா என்று தன்னையே கேட்டுப் பார்த்தான். 

மறுநாள் கூடம் நிரம்பி வழிந்தது. வறுத்த வாத்து வாசனை, ஒரு மூலையில் துருத்தி வாத்தியம், நடுவில் பீப்பாய். ஒருவன் காகிதத் தொப்பி போட்டுக்கொண்டு பிஷப் வேஷத்தில் திருநாள் வழக்கப்படி புது மதுவுக்கு ஞானஸ்நானம் கொடுத்துக்கொண்டிருந்தான். சுவர் முழுக்கப் படங்கள், ஓரிடத்தில் மட்டும் இரண்டு வெறும் ஆணிகள். கூடத்துப் பொறுப்பாளர் ஃபெர்தோ, பூதக்கண்ணாடி மாதிரி மூக்குக்கண்ணாடி போட்ட கிழவர், பிளாஷிடம் வந்து வந்து கேட்டார்.

"என்னப்பா, யூலா வருவாளா மாட்டாளா?"

"தெரியாது மாமா."

கதவு திறந்தது. யூலா நின்றாள். பின்னால் அவள் மகன் த்ராகோ, இரண்டு கைகளிலும் போர்வையில் சுற்றிய இரண்டு கண்ணாடிகள். கூட்டம் வழிவிட்டது. ஃபெர்தோ முதலில் பிளாஷ் வரைந்த படத்தை வாங்கி ஆணியில் மாட்டினார். எல்லோரும் நெருங்கினார்கள். பிளாஷ் சுவரோடு சுவராக ஒண்டினான்.

"அடடா, அந்தப் பழைய கையத் திருப்பிக் குடுத்துட்டான் பாருங்க!" என்றது ஒரு குரல். "புண்ணியவான்" என்றது இன்னொரு குரல். யாரோ மூக்கை உறிஞ்சினார்கள்.

"வாய மூடுங்கடி!" என்றாள் யூலா. துருத்தி வாத்தியமே நின்றுபோனது. "புண்ணியவானாம்! அவன் ஒரு மடையன். திருப்பி வைக்க மறந்த மடையன். நானும் நேத்து நம்பல. இன்னைக்கு ஒடச்சுப் போடலாம்னு அடுப்புக் கம்பிய ஓங்கிட்டேன். அப்பத்தான் கண்ணுல பட்டுச்சு. அந்தக் கையோட சுண்டுவிரலப் பாருங்க."

எல்லோரும் குனிந்தார்கள். தூரிகை பிடித்த கையின் சுண்டுவிரலில், இரண்டாம் கணுவுக்குக் கீழே, சாய்வாக ஒரு மெல்லிய வெள்ளைத் தழும்பு. முன்னால் தெரிய வேண்டியது முதலில் என்பதால் விரலுக்கும் முன்னால் அந்தக் கோட்டைத்தான் பிளாஷ் வரைந்திருந்தான்.

"கதிர் அறுத்த பொம்பளைங்கல்லாம் கைய நீட்டுங்க" என்றாள் யூலா. "அருவா எந்தக் கையில பட்டுச்சுன்னு பாத்துச் சொல்லுங்க."

முதலில் ஒருத்தி நீட்டினாள். அப்புறம் ஒவ்வொருத்தியாக. வலது கையில் அரிவாள் பிடித்து, இடது கையில் கதிரைப் பிடித்து அறுத்தவர்கள். எல்லோருக்கும் இடது சுண்டுவிரலில் தழும்பு, சிலருக்கு இரண்டு மூன்று. வலது கையில் ஒருத்திக்குக்கூட இல்லை. மில்கா தன் விரலைப் பார்த்தாள், படத்தைப் பார்த்தாள், "அட ஆமா!" என்று வாயில் கை வைத்தாள்.

"பழைய கையுமில்ல, ஒட்ட வச்ச கையுமில்ல. இது" என்று யூலா தன் இடது கையைத் தூக்கிக் காட்டினாள். "உள்ளது உள்ளபடி வரஞ்சிருக்கான். கண்ணாடிதான் இடம் மாத்தி வச்சிருச்சு. நீங்க அம்புட்டுப் பேரும் பாத்துட்டு என் பழைய கைன்னு சொன்னீங்க. நானும்தான் நேத்து அப்படி நெனச்சேன். அப்படின்னா என்ன அர்த்தம்? இந்தக் கை பழைய கை மாதிரியே தூரிகை பிடிக்கக் கத்துக்கிச்சுன்னு அர்த்தம். எனக்கே தெரியாது. பிளாஷு, எங்கடா ஒளிஞ்சிருக்க? வா இங்க."

அவன் வந்தான். 

"மூக்க மட்டும் சின்னதாப் போடலையேடா, பாவி" என்று அவன் தலையைப் பிடித்து இழுத்து நெற்றியில் முத்தமிட்டாள். கூடம் இடிந்து விழுகிற மாதிரி சிரித்தது. பிளாஷ் சிரிக்கவில்லை. வாயைத் திறந்தால் அழுகை வந்துவிடும்.

சிரிப்பு அடங்கியதும் இரண்டாவது ஆணியில் சேவலை மாட்டினார்கள். யூலா கையைக் கட்டிக்கொள்ள முடியாமல், இடது கையால் வலது கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். இப்போது எல்லோரும் கிட்டே வந்து பார்த்தார்கள். ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். கோடுகள் நடுங்கியிருப்பது எல்லோருக்கும் தெரிந்தது. அதைச் சொல்லலாமா கூடாதா என்று யாருக்கும் தெரியவில்லை. வண்டி சாய்ந்த நாளிலிருந்து அந்த ஊரில் ஒருத்தர்கூட யூலா செய்த எதையும் தப்பு என்று சொன்னதில்லை. சூப்பில் உப்பு அதிகமானால்கூட அருமை என்று சொல்லிக் குடித்தார்கள். 

ஃபெர்தோ மூக்குக்கண்ணாடியைத் தள்ளிவிட்டுக்கொண்டு படத்துக்கு வெகு அருகில் போனார். பார்த்தார். விலகி நின்று பார்த்தார். மறுபடியும் கிட்டே போனார்.

"யூலா."

"என்ன?"

"மூஞ்சி பிரமாதம். ஆனா காலு என்ன இப்படி வச்சிருக்க? சேவல் கால் மாதிரியா இருக்கு? மண்வெட்டிக் காம்பு மாதிரி இருக்கு."

கூடத்தில் யாரோ "ஐயோ" என்றார்கள். யூலா ஃபெர்தோவையே பார்த்துக்கொண்டு நின்றாள். அவள் கண்ணில் நீர் நிறைந்து கன்னத்தில் வழிந்தது. துடைக்கக்கூட இல்லை.

"தெரியும்யா" என்றாள். "நானும் எவ்வளவோ பாத்தேன், காலு வரல. அடுத்த படத்துல வரும். வரலன்னா அப்பவும் இதே மாதிரி வந்து சொல்லு."

"சொல்லாம விடுவேனா?" என்றார் ஃபெர்தோ.